சுங்கை சிப்புட்டில் மூன்று முறை நின்றுபோன கச்சேரி

மேடையில் கரண்டு போவது எங்கள் தொழிலில் புதிதில்லை. ஆனால் அன்று ராத்திரி நடந்தது வேறு மாதிரி. விளக்குகள் மங்கும், கீபோர்டும் மிக்சரும் அணையும், ஜெனரேட்டர் சுமை ஏறிய லோரி போல முக்கும். நாலு நிமிடம் கழித்து, யாரும் எதையும் தொடாமலே, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இப்படி ஒரே இரவில் மூன்று முறை. 2019 சித்திரையில், மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அது. அன்றைய குளறுபடிகளைத் தனித்தனிக் கதைகளாக எங்கள் பையன்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எல்லாம் ஒரே சங்கிலி என்பது எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. அதனால் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன்.

நாங்கள் கிள்ளானிலிருந்து போகும் ஒன்பது பேர் கொண்ட மெல்லிசைக் குழு. நான் கீபோர்டு. அந்த வாரம் மூன்று ஊர் ஒப்புக்கொண்டிருந்தோம்: வெள்ளிக்கிழமை தாப்பா, சனிக்கிழமை சுங்கை சிப்புட், ஞாயிற்றுக்கிழமை கூலிம். ஆட்களும் வாத்தியங்களும் வேனில். பெரிய ஸ்பீக்கர்கள், எல்இடி விளக்குகள், 20 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் மூன்றும் வாடகை லோரியில். வெள்ளிக்கிழமை தாப்பாவில் ஒரு குறையும் இல்லை. கச்சேரி முடிந்ததும் லோரிக்கார அண்ணன் கம்பாரில் இருக்கும் தங்கச்சி வீட்டில் படுத்துக்கொண்டு மறுநாள் நேராக வருவதாகச் சொன்னார். சரி என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு சுங்கை சிப்புட்

பேராக்கில் அந்தப் பெயரில் இரண்டு ஊர் இருக்கின்றன. ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த சுங்கை சிப்புட். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர், 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு நாடு முழுக்க அவசரகாலம் வரக் காரணமான ஊர். இன்னொன்று ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் பக்கம், கம்பார் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். சாலைப் பலகைகளில் வடக்கு ஊரின் பெயருக்குப் பின்னால் ‘யு’ என்று ஓர் ஒற்றை எழுத்து இருக்கும். மலாயில் உத்தாரா, அதாவது வடக்கு. பேச்சில் அந்த எழுத்தை யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய குரல் பதிவு இவ்வளவுதான்: “அண்ணே, சுங்கை சிப்புட், மாரியம்மன் கோயில், அஞ்சு மணிக்குள்ள.”

கம்பாரிலிருந்து கிளம்புகிற ஒருவரிடம் கைப்பேசி எந்தச் சுங்கை சிப்புட்டைக் காட்டும்? பக்கத்தில் இருப்பதைத்தான். அண்ணன் மூன்றரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். சாலையோரம் கண்ணில் பட்ட முதல் கோயிலில் வண்டியை நிறுத்தி, அங்கே இருந்த இரண்டு பேரைத் துணைக்கு அழைத்து, எட்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் மண்டபத்தில் இறக்கி வைத்திருக்கிறார். கோயில் பூசாரி ஒன்றும் கேட்கவில்லை. யாரோ உபயம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பெட்டிகளுக்கெல்லாம் திருநீறு பூசி, அண்ணனுக்குச் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்திருக்கிறார்.

எங்கள் வேன் நாலரைக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தது. உள்ளே கைப்பேசிக்கு லைன் இல்லை. ஆலைக்குப் போகும் மேட்டில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும் என்றார்கள். ஆறு மணிக்கு அங்கே போய் நின்றேன். அண்ணனின் செய்திகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன: “வந்துட்டேன்.” “இறக்கிட்டேன்.” “யாரையும் காணோம், தம்பி, சாமி மட்டும்தான் இருக்கு.”

திரும்ப ஏற்ற வேண்டும், மழையில் ஈப்போவைத் தாண்ட வேண்டும், பிறகு இருட்டில் தோட்டத்து வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்குள் ஒரு முச்சந்திக்கும் அடுத்த முச்சந்திக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் வந்து சேர்ந்தபோது இரவு 10.20.

மழை

மேற்குக் கரையில் ஏப்ரல், மே என்றால் சாயங்கால இடிமழை வழக்கம். இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் வரும் மாதங்கள், காலையில் வெயில் காய்ந்து மாலையில் கொட்டித் தீர்க்கும். அன்று நாலே முக்காலுக்குப் பிடித்து ஆறு மணிக்கு விட்டது. நாங்கள் மேடைக் கூடாரத்துக்குள் ஒதுங்கி நின்றதால் வாத்தியங்கள் நனையவில்லை. பந்தல் துணியில் தேங்கிய தண்ணீரை ஒரு தம்பி மூங்கிலால் தள்ளிவிட்டபோது டோலக் ஒன்று மட்டும் குளித்தது. அது சின்னச் சேதம்.

மழையால் வந்த பெரிய சேதம் எதுவென்று அப்போது யாருக்கும் தெரியாது. சமையல் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகெல்லாம் நனைந்துபோனது.

லோரி இல்லை என்று தெரிந்ததும் கோயில் தலைவர் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. “பயப்படாதீங்க தம்பி, நம்மகிட்ட சின்னது ஒண்ணு இருக்கு,” என்று தன் கொட்டகையிலிருந்து 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரை ஆள்விட்டு உருட்டி வரச் செய்தார். கோயிலுக்கு வரும் மின்சாரம் அலங்கார விளக்குக்கே சரியாக இருந்ததால் அதில் கைவைக்க முடியவில்லை. வேனில் மானிட்டருக்கென்று வைத்திருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை முன்னால் நிறுத்தினோம். எங்கள் எல்இடி விளக்குகள் கோப்பெங் பக்கம் திருநீறு பூசிக்கொண்டிருந்ததால் கோயிலின் நான்கு ஹாலோஜன் விளக்குகளை மேடைக்குத் திருப்பினோம். ஒவ்வொன்றும் 500 வாட். நான்கும் சேர்ந்து 2,000. எங்கள் சாமான் எல்லாம் ஏறக்குறைய 1,000. மொத்தம் மூன்று கிலோவாட் என்றால் அந்த ஜெனரேட்டர் தாங்கும் என்று சவுண்டுக்கார அண்ணன் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான்.

8.15-க்கு அம்மன் பாட்டோடு ஆரம்பித்தோம். பல்லவி முடியவில்லை, ஈசல் வந்துவிட்டது.

மழை விட்ட இரவில் செம்பனைக் காட்டு நடுவே இரண்டாயிரம் வாட் வெளிச்சத்தைக் கொளுத்தி வைத்தால் வராமல் என்ன செய்யும்? நூறு, ஆயிரம் என்று எண்ண முடியாது. காற்றே சிறகாக இருந்தது. கீபோர்டின் கறுப்புக் கட்டைகள் சிறகு ஒட்டிப் பழுப்பாகிவிட்டன. பாடகி அக்கா மேல் ஸ்தாயிக்கு வாயைத் திறந்தபோது ஒன்று உள்ளே போய்விட்டது. அவர் இருமி, தண்ணீர் குடித்து, அடுத்த வரியைச் சிரிப்போடுதான் பிடித்தார். கிட்டார் தம்பி சட்டையை உதறிக்கொண்டே மேடையை விட்டு இறங்கிவிட்டான்.

முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்தார். பால்மரம் வெட்டிக் காய்ப்பேறிய கை. “எல்லா வெளக்கையும் அணைங்கய்யா. அந்தா அங்க ஒரே ஒரு பல்பு போடுங்க, அடியில ஒரு பேசின்ல தண்ணி வைங்க. கால் மணி நேரம்.” அணைத்தோம். ஐம்பது அடி தள்ளி ஒரு பல்பு, அதன் நிழல் விழும் தண்ணீர்ப் பேசின். ஈசல் மொத்தமும் அங்கே போய் விழுந்தது. அந்தக் கால் மணி நேரம் இருட்டில் இருநூறு பேர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். 8.50-க்கு மறுபடி ஆரம்பித்தோம். பாட்டி சொன்னது ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

மூன்று முறை

முதல் முறை 9.05. நாலாவது பாட்டு நன்றாக ஏறி, பாடகி அக்கா ஒரு நீண்ட ஆலாபனையை முடித்துத் தொண்டையைத் துடைத்துக்கொண்டார். கைத்தட்டல். அடுத்த பாட்டின் முன்னிசையை நான் ஆரம்பித்த கையோடு விளக்கு மங்கியது, கீபோர்டு செத்தது, மைக் செத்தது. ஜெனரேட்டர் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு முனகியது. பெட்ரோலில் மழைத்தண்ணீர் கலந்துவிட்டது என்று நினைத்து நான் ஓடினேன். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நிமிர்ந்தது, விளக்கு எரிந்தது.

திரும்பி வந்து அதே பாட்டை ஆரம்பித்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை அக்கா இரண்டரைக் கட்டை சுருதியில் பாடுவார். நான் அதை ஒன்றாம் கட்டை விரலமைப்பில் பழகியவன். ஆகவே கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை மூன்று அரைக்கட்டைப் படி ஏற்றி வைத்துக்கொள்வேன். விரல் ஒன்றில் இருக்கும், சத்தம் இரண்டரையில் வரும். என் கீபோர்டு அணைந்து எரிந்தால் அந்த எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். கிட்டாருக்கு அப்படிப் பொத்தான் கிடையாது, அது எப்போதும்போல இரண்டரையிலேயே நின்றது.

நான் ஒன்றில், கிட்டாரும் பேஸும் இரண்டரையில். அக்கா என் முன்னிசையை நம்பி ஒன்றில் எடுத்தார். கீழ்ச் சுரங்கள் அவர் தொண்டைக்கு எட்டாமல் வெறும் காற்றாகப் போயின. சரணம் வரும்போது கிட்டார் தம்பி என் பக்கம் வந்துவிட்டான். அதே நேரம் நான் தவற்றைக் கண்டு பொத்தானை ஏற்றிவிட்டேன். இருவரும் இடம் மாறிக்கொண்டோமே தவிர, சுருதி சேரவில்லை. முன்வரிசைச் சிறுவன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் முறை 9.25. இந்த முறை சவுண்டுக்கார அண்ணன் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி மாட்டினார். எங்கேயோ இணைப்பு ஆடுகிறது, நீங்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று நான் அவரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் கூலிம் போகும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கணக்கும் சரி, கம்பியும் சரி.

மூன்றாம் முறை 9.50. இந்த முறை நாங்கள் யாருமே ஓடவில்லை. ஓட இடமில்லாமல் போய்விட்டது. விளக்கு மங்கியபோது நடந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்த பழைய டூயட். மைக் போனதும் அக்காவும் எங்கள் ஆண் பாடகரும் நிறுத்திவிட்டார்கள். சனம் நிறுத்தவில்லை. பெண்கள் பக்கம் அடுத்த வரியை எடுத்தது, ஆண்கள் பக்கம் பதில் வரியைக் கொடுத்தது. சாயங்காலம் ஊர்வலத்தில் அடித்துவிட்டுப் பின்னால் பீ ஹூன் தின்றுகொண்டிருந்த தோட்டத்து உறுமி மேளப் பையன்கள் தட்டை வைத்துவிட்டு வந்தார்கள். வளைந்த குச்சி தோலில் உரசும் அந்த உறுமலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. எங்கள் தபேலா தம்பி நனையாத டோலக்கைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி அவர்களோடு நின்றான்.

அந்தக் கூட்டம் யாரென்று சொல்ல வேண்டும். அவர்களில் பாதிப் பேர் இப்போது அந்தத் தோட்டத்தில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகள் காலியாகி, ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போனவர்கள். திருவிழாவுக்கு மட்டும் வருவார்கள். முன்வரிசைத் தாத்தாக்களில் சிலர், 1960-இல் சம்பந்தன் தோட்டங்களை வாங்குவதற்காகத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தங்கள் கைச் சம்பளத்தில் பங்கு வாங்கியவர்கள். கரண்டு போனதற்காக அவர்கள் வீட்டுக்குப் போகப் போவதில்லை. ஒரு வருஷம் காத்திருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நல்ல கச்சேரி கொடுக்க முடியவில்லையே என்ற தவிப்பில்தான் நான் கண்மண் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது

பத்து மணி இடைவேளையில் தபேலா தம்பி என் அருகில் வந்து, கையில் ஆவி பறக்கும் குவளையோடு, மெதுவாகச் சொன்னான்:

“அண்ணே, கரண்டு போன பத்தாவது நிமிஷம் தேத்தண்ணி வருது. மூணு தடவையும்.”

நான் குவளையைப் பார்த்தேன். மூன்றாவது குவளை. முதல் இரண்டும் கீபோர்டு பெட்டிக்கு அடியில் ஆறிக் கிடந்தன.

சமையல் கொட்டகைக்குப் போனோம். விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது, எரியவில்லை. அன்னதானச் சாப்பாடு மழைக்கு முன்பே முடிந்துவிட்டதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஓரத்தில் ஒரு மேசை. மேசையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த எலெக்ட்ரிக் கெட்டில். அதன் வயரைத் தொடர்ந்து போனால் ஒரு நீட்டிப்புக் கம்பி. அது தரையோடு தரையாகக் கூடாரத்துக்குப் பின்னால் போய் எங்கள் ஜெனரேட்டரின் இரண்டாவது பிளக்கில் குந்தியிருந்தது. கெட்டிலின் அடியைத் திருப்பிப் பார்த்தேன்: 2,200 வாட்.

எங்கள் மூன்று கிலோவாட்டோடு இதைச் சேர்த்தால் 5,200. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் 50 சைக்கிள் கரண்டு வரும். சுமை மிஞ்சினால் சுற்று குறையும், வோல்ட்டும் இறங்கும். ஹாலோஜன் விளக்குக்கு அது வெறும் மங்கல். கம்பிச் சுருள் வைத்த பழைய அடாப்டரில் ஓடும் என் கீபோர்டுக்கு மரணம். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் கொதிக்க நாலு நிமிடம். கொதித்ததும் கெட்டில் தானாக அணைந்துவிடும், எஞ்சின் நிமிர்ந்துவிடும். நம் மூன்று முள் பிளக்கின் 13 ஆம்ப் ஃபியூஸ் மூன்று கிலோவாட் வரை தாங்குவதால் கெட்டிலின் ஃபியூஸும் எரியவில்லை. நாங்கள் தேடிப் போகும்போது தடயம் எதுவும் இருக்காது.

கெட்டிலுக்குச் சொந்தக்கார அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவரே பேசினார். “பாவம் அந்தப் பொண்ணு, தொண்டை காஞ்சு பாடுது. அது தொண்டையத் தொடச்சப்பல்லாம் ஒரு கெட்டில் போட்டேன், தம்பி. வெறகு நனைஞ்சிடுச்சு பாருங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன், நல்லா இருந்துச்சா?”

நல்லா இருந்துச்சு அத்தை என்றேன். பொய்தான், அதுவரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அங்கேயே நின்று குடித்தேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. பிறகு கரண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். தபேலா தம்பி சமாதானம் சொன்னான்: “உங்களாலதான் அத்தை எங்களுக்கு ரெஸ்ட்டே கிடைச்சுது.”

ஆக, வரிசை இப்படிப் போகிறது. என் குரல் பதிவில் ‘உத்தாரா’ என்ற ஒரு சொல் இல்லை. அதனால் லோரி தெற்கே போனது, அதனால் சின்ன ஜெனரேட்டர், அதனால் ஹாலோஜன். மழையால் ஈசல், மழையால் நனைந்த விறகு, நனைந்த விறகால் கெட்டில். பெரிய ஜெனரேட்டர் வந்திருந்தால் இரண்டு கெட்டில் போட்டாலும் தெரிந்திருக்காது. விறகு காய்ந்திருந்தால் சின்ன ஜெனரேட்டரே போதும். இரண்டும் ஒரே மாலையில் சேர்ந்ததால்தான் அவ்வளவும்.

10.20-க்கு லோரி வந்தது. ஸ்பீக்கர்களை இறக்கச் சொல்லலாமா என்று தலைவரைக் கேட்டேன். அவர் கூட்டத்தைக் காட்டினார். மூன்றாம் முறை நின்றபோது நாற்காலிகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தவர்கள் திரும்பப் போகவே இல்லை. மேடைக்கும் முதல் நாற்காலிக்கும் இடையில் ஒரு கை தூரம். “இப்படியே இருக்கட்டும், தம்பி.” பெரிய ஜெனரேட்டரை மட்டும் ஓட்டி, சின்ன ஸ்பீக்கர்களோடு பன்னிரண்டு மணி வரை பாடினோம். உறுமிப் பையன்களும் கூட இருந்தார்கள். ட்ரான்ஸ்போஸ் எண்ணை ஒரு பாட்டுக்கு இரண்டு தடவை பார்த்தேன்.

அதற்குப் பிறகு

இப்போது ஊர்ப்பெயரைச் சொல்லி மட்டும் யாரையும் அனுப்புவதில்லை. வரைபடத்தில் புள்ளி குத்தி அனுப்பி, மாவட்டத்தைச் சொல்லி, போய்ச் சேர்ந்ததும் கோயில் வாசலைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறோம். கீபோர்டுக்கும் மிக்சருக்கும் சின்ன யூபிஎஸ் வாங்கிவிட்டோம், பத்து நிமிடம் தாங்கும். ஒவ்வொரு பாட்டின் கட்டையையும் ட்ரான்ஸ்போஸ் எண்ணையும் வெள்ளை டேப்பில் எழுதிக் கீபோர்டு நெற்றியில் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. முன்பெல்லாம் ஒரு தோட்டத்துக்குப் போனால் தலைவர், செயலாளரோடு பேசிவிட்டு நேராக மேடைக்குப் போவேன். இப்போது முதலில் சமையல் கொட்டகைக்குப் போகிறேன். எந்தப் பிளக்கில் என்ன ஓடுகிறது, விறகு நனைந்ததா, ராத்திரி பூச்சி வருமா, எந்த மேட்டில் லைன் கிடைக்கும் என்று அங்கே இருக்கும் அம்மாக்களைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. சவுண்டுக்கார அண்ணனும் கூட வருகிறார், நோட்டுப் புத்தகத்தோடு.

அந்த அம்மா அன்று நள்ளிரவு வேன் வரை வந்து ஒரு பிளாஸ்க் இஞ்சித் தேத்தண்ணியைக் கையில் கொடுத்தார். பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க அடுத்த வருஷம் வரணும் என்றார். அடுத்த சித்திரை 2020-இல் வந்தது. நாடே வீட்டுக்குள் இருந்தது, திருவிழா இல்லை. பிளாஸ்க் எங்கள் வேனில் டேஷ்போர்டுக்கு அடியிலேயே கிடந்தது. 2023-இல் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “கழுவவே இல்லியா?” என்று கேட்டார். பிறகு உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.